காலிக் கல்லும் எங்கள் இடாப்பும்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'எங்கள் கல்லூரியின் நூறு ஆண்டுகள்'. அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் வரலாறு படிப்பிப்பதையே தொழிலாகக் கொண்டவள். ஆகவே, அந்த நூறு ஆண்டுகளை எழுதப் போகிறவர் எதை வைத்து எழுதுவார், அவர் கையில் கிடைப்பதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். மலர்க்குழுவினர் உடனே சம்மதித்தார்கள். அவர்களுக்கு அப்போது ஒரு தலையிடி இருந்தது. மண்டபத்துப் பியானோவுக்கு என்ன நடந்தது என்பது பற்றி இரண்டு கட்டுரைகள் வந்திருந்தன. இரண்டையும் எழுதியவர்கள் மதிப்புக்குரிய பழைய மாணவிகள். இரண்டும் ஒன்றையொன்று மறுத்தன. எதைப் போடுவது? பியானோவுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அதைவிடப் பழைய, அதைவிடப் பெரிய வழக்கொன்றைப் பார்ப்போம். ஆறு நூற்றாண்டு கடந்த வழக்கு. சாட்சி ஒரு கல்.

கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் பாடசாலைச் சுற்றுலா போனவர்கள் அந்தக் கல்லைக் கடந்து போயிருப்பீர்கள். ஏறக்குறைய ஐந்து அடி உயரம், இரண்டரை அடி அகலம். தலைப்பகுதியில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே நிற்கும். வலப்பக்கம் சீன எழுத்து, இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். காலி மும்மொழிச் சாசனம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். சீனப் பேரரசர் யொங்லோவின் பெயரால், கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. 1911 ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாக, எழுத்துப்பக்கம் கீழே இருக்கக் குப்புறக் கிடந்தது. தொமலின் என்ற பொறியியலாளர் கண்டெடுத்தார்.

முதலில் இதைக் கவனியுங்கள். அந்தக் கல்லை ஒருவரும் பாதுகாக்க நினைக்கவில்லை. நல்ல தட்டையான கல், மதகுக்கு உதவும் என்று யாரோ எடுத்துப் போட்டார்கள். வண்டிகள் அதன் முதுகின் மேல் ஓடின. சான்றுகள் பெரும்பாலும் இப்படித்தான் தப்புகின்றன. எது முக்கியமோ அது தப்பும் என்று ஒரு நியதியும் கிடையாது. ஆகவே கையில் இருப்பதை வைத்து 'இவ்வளவுதான் நடந்தது' என்று ஒரு வரலாற்றாசிரியர் சொல்லத் தொடங்கினால் சற்றே சந்தேகப்படுங்கள்.

இனி, கல் என்ன சொல்கிறது? சீனப் பகுதி புத்தரைப் போற்றி, அவருடைய அருளால் கடற்பயணம் நலமாக நடந்தது என்று நன்றி கூறிக் காணிக்கைகளை அடுக்குகிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. தெற்கே தெவிநுவரவில் கோயில் கொண்டிருந்த, விஷ்ணுவின் வடிவமாகக் கொள்ளப்படும் தெய்வம் அது. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துபோயிற்று. எஞ்சியதிலிருந்து அது இஸ்லாமிய மரபில் இறைவனைப் போற்றுவது தெரிகிறது. ஆனால் காணிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய் இரண்டாயிரத்து ஐந்நூறு, விளக்கு, தூபக்கால் என்று வாசிக்கக்கூடிய அளவில் மூன்றும் ஒத்துப்போகின்றன. சாமியின் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

(இங்கே மலர்க்குழுவினர் மன்னிக்க வேண்டும். மலருக்கு வந்த ஆசிச்செய்திகளை ஒன்றாக வைத்து வாசித்தபோது எனக்கு இந்தக் கல்தான் ஞாபகம் வந்தது. விளிப்பு வேறு, பட்டியல் ஒன்று.)

ஒரு மொழியை மட்டும் அறிந்தவர் இந்தக் கல்லிடம் வந்தால் என்ன எழுதிவிட்டுப் போவார்? சீனம் மட்டும் தெரிந்தவர், பேரரசர் பௌத்த பக்தியால் இலங்கைக்குக் காணிக்கை அனுப்பினார் என்பார். தமிழ் மட்டும் தெரிந்தவர், சீனச் சக்கரவர்த்தி எங்கள் தெய்வத்தை வணங்கினார் என்பார். மூன்றாமவர் செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துத் தம் கதையைச் சொல்வார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. மூன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் இதன் நோக்கம் தெரிகிறது. இந்துமாகடல் துறைமுகங்களில் யார் யாரோடு நல்லுறவு வேண்டுமோ அவரவர் மொழியில், அவரவர் தெய்வத்தின் முன்னால் வணக்கம் சொல்லிவிடும் ஓர் அரசின் முன்யோசனை அது. பேரரசரின் மனதில் பக்தி இருந்ததா என்று கல்லைக் கேட்டால் கல்லுக்குத் தெரியாது. யாருக்குச் சொல்லப்பட்டது, ஏன் அவர்களுக்கு அப்படிச் சொல்லப்பட்டது என்று கேட்டால் நிறையச் சொல்லும்.

அடுத்தது திகதி. யொங்லோ ஆட்சியின் ஏழாம் ஆண்டு, இரண்டாம் மாதம், அதாவது 1409 பெப்ரவரி என்று சீனப் பகுதி சொல்கிறது. உடனே '1409 இல் காலியில் சீனர் கல் நாட்டினர்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் செங் ஹேயின் மூன்றாம் பயணத்துக் கப்பல்கள் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் சீனத்தை விட்டுப் புறப்பட்டன. அப்படியென்றால் அந்தத் திகதி வாசகம் சீனத்தில் எழுதப்பட்ட திகதி. கல் இங்கே வந்து நின்ற திகதி வேறு. என் மாணவர்களுக்கு நான் சலிக்காமல் சொல்வது இதுதான்: ஒரு திகதியைக் கண்டால், இது எதனுடைய திகதி என்று கேளுங்கள். நடந்ததன் திகதியா, எழுதியதன் திகதியா, பதிந்ததன் திகதியா?

இது வெறும் நுணுக்கம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பயணத்தில் இலங்கையில் ஒரு சண்டை நடந்தது. மிங் அரச குறிப்புகளின்படி, இங்கிருந்த ஆட்சியாளர் சீனரிடம் பொன்னும் வெள்ளியும் கேட்டு, கப்பல்களைக் கொள்ளையிட ஐம்பதாயிரம் பேரை ஏவினார். செங் ஹே இரண்டாயிரம் வீரரோடு தலைநகருள் புகுந்து அவரைப் பிடித்தார். 1411 இல் அவரைச் சீனத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பேரரசர் இரங்கி மன்னித்தார். அந்த ஆட்சியாளரை ஆய்வாளர்கள் அழகக்கோனார் என்று அடையாளம் காண்கிறார்கள். சிங்கள இராஜாவலியவைத் திறந்தால் கதை தலைகீழ். மகா சீனத்து அரசன் பரிசு கொண்டுவருவதுபோல் பாசாங்கு செய்து, பெரும் படையோடு இறங்கி, விஜயபாகு மன்னனை வஞ்சகமாகப் பிடித்துக்கொண்டு போனான் என்கிறது அது.

வஞ்சகம் செய்தவர் யார்? ஒவ்வொரு ஏடும் மற்றவரைக் காட்டுகிறது. மிங் குறிப்பு சம்பவத்துக்கு மிக நெருங்கியது. ஆனால் அது வெற்றி பெற்றவர் தம் அரசருக்குக் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்தது. ஐம்பதாயிரம் பேரை இரண்டாயிரம் பேர் வென்றார்கள் என்று எந்த நாட்டுத் தளபதி எழுதினாலும் அந்த எண்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைக்க வேண்டும். இராஜாவலிய தோற்றவரின் நினைவு. ஆனால் இன்றுள்ள வடிவில் அது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தித் தொகுக்கப்பட்டது. மன்னனின் பெயர்கூட ஒத்துவரவில்லை. இரண்டையும் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ஒன்றையொன்று பாராமல், எதிரெதிர் நோக்கத்தோடு எழுதப்பட்ட இரண்டு ஏடுகள் ஓரிடத்தில் கைகோக்கின்றன. சீனர் பரிசுகளோடு வந்தார்கள், மோதல் ஏற்பட்டது, இலங்கையின் ஓர் ஆட்சியாளர் சிறைப்பிடிக்கப்பட்டுச் சீனம் போனார். அவ்வளவையும் உறுதியாகச் சொல்லலாம். யார் முதலில் துரோகம் செய்தார் என்பதை, ஒவ்வொருவரும் இவ்வாறு சொன்னார்கள் என்று மட்டுமே எழுதலாம்.

கல்லிலோ சண்டையின் மூச்சே இல்லை. இருக்க முடியாது, வாசகம் அதற்கு முன்னரே எழுதப்பட்டாயிற்று. திகதியைச் சரியாகப் பார்க்காதவர், சண்டையை மறைத்துச் சீனர் இனிக்க இனிக்கக் கல் வெட்டினார்கள் என்று குற்றம் சாட்டுவார். மௌனத்துக்குக் காரணம் எப்போதும் மறைப்பு அல்ல.

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம். காலிக் கல்லில் தமிழ் உண்டு, சிங்களம் இல்லை. இதைச் சொன்னதும் எங்கள் ஆட்களின் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். 'பார்த்தீர்களா, தெற்கிலும் அன்று தமிழே கோலோச்சியது.' மறுபக்கத்தில் வேறு சிலர், 'அது வந்துபோன வணிகரின் மொழி, அதற்கு மேல் ஒன்றுமில்லை' என்று கையை விசுக்கிவிடுவார்கள். இரு தரப்பும் கல்லிடம் கல் அறியாததைக் கேட்கின்றன. அன்று காலியில் எத்தனை தமிழர் இருந்தார்கள், யார் ஆண்டார்கள் என்பதைச் சொல்ல அது நாட்டப்படவில்லை.

அது எதைச் சொல்கிறது? சீனத்தில் இதைத் திட்டமிட்டவர்கள் தமிழை, பேச வேண்டிய ஒரு மொழியாகக் கணித்தார்கள். அது வியப்பில்லை. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திலேயே 1281 ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சிவன் கோயில் தொடர்பாகக் கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர் அங்கே குடியிருந்தார்கள். அடுத்தது, தெவிநுவரக் கோயிலைத் தமிழில் வழங்கும் ஒரு பெயர் அன்று பரவியிருந்தது. இதற்குத் தனிச்சாட்சியும் உண்டு. 1344 இல் அவ்வழியே வந்த இபுன் பதூதா அந்த ஊரைத் தினவர் என்கிறார். தென்னாவரை என்பதன் எதிரொலி காதில் விழுகிறதா? கோயிலில் ஆயிரம் பிராமணரும் யோகியரும், ஐந்நூறு ஆடல் மகளிரும் இருந்தார்கள் என்றும் சொல்கிறார். ஊர்ப்பெயரை நான் ஏற்பேன். அவருக்கு அதில் ஒரு இலாபமும் இல்லை. எண்களை ஏற்கமாட்டேன். ஊர் திரும்பி, பத்தாண்டுக்குப் பின் இன்னொருவருக்கு நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்த நூலில் எண்கள் இப்படி உருண்டையாக இருந்தால் 'மிகப் பலர்' என்று வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே சாட்சியின் ஒரு சொல்லை ஏற்று மறுசொல்லைத் தள்ளலாம். நீதிமன்றத்திலும் வீட்டிலும் நாம் செய்வது அதுதான். அந்தக் கோயிலை 1588 இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இன்று அதைப் பற்றிப் பேச இத்தகைய சாட்சிகளே மிச்சம்.

எங்கள் பக்கத்து ஏடுகளையும் இப்படிச் சோதிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரை ஞாபகப்படுத்துகிறேன். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில், ஓர் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளால் எழுதப்பட்டது. அதை எங்கள் வேதம்போல் பலர் பாராட்டிக்கொண்டிருந்தபோது, சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்று ஒரு நூலே எழுதி, அதன் கால வரிசையையும் கதைகளையும் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். அவருடைய முடிவுகளில் பலவற்றை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. கேட்கலாம் என்று தமிழிலேயே செய்து காட்டினாரே, அது பெரிது.

இந்தக் கல்லைப் பற்றி இன்னொரு கதை உண்டு. சொல்லாமல் போக மனமில்லை. அதன் சீனப் பகுதியைத் தொடக்கத்திலேயே வாசித்து ஆங்கிலத்தில் தந்தவர் எட்மண்ட் பக்ஹவுஸ், பீக்கிங்கில் வாழ்ந்த ஆங்கிலேயர். 1910 இல் அவரும் பிளாண்ட் என்பவரும் சேர்ந்து சீனப் பேரரசி பற்றி எழுதிய நூல் அப்போது உலகப் புகழ் பெற்றிருந்தது. அதன் அடிப்படைகளில் ஒன்று, சிங்-ஷான் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு. 1900 கலவரத்தின்போது அதைத் தாம் கண்டெடுத்ததாகப் பக்ஹவுஸ் சொன்னார். பிற்காலத்தில் அந்த நாட்குறிப்பு போலி என்று நிரூபணமாயிற்று. ஒக்ஸ்போர்ட் வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1976 இல் பக்ஹவுஸின் வாழ்க்கையை ஆராய்ந்து, மனிதர் ஒரு பெரிய புனைசுருட்டுக்காரர் என்று ஒரு புத்தகமே எழுதினார்.

அப்படியென்றால் காலிக் கல்லின் வாசிப்பு? பயப்பட வேண்டியதில்லை. கல் கொழும்பில் நிற்கிறது. பின்வந்த சீன அறிஞர்கள் அதை மீண்டும் மீண்டும் வாசித்துத் திருத்தியிருக்கிறார்கள். தமிழ்ப் பகுதியைப் பரணவிதான தனியாக வாசித்து வெளியிட்டார். பக்ஹவுஸ் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே தேவையில்லாமல் போகிறது. மூலம் கண்முன் இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். சிங்-ஷான் நாட்குறிப்பிலோ, அதைக் கண்டெடுத்த கதைக்கு அவர் ஒருவரே சாட்சி.

கதை அதோடு முடியவில்லை. அதே ட்ரெவர்-ரோப்பர் 1983 ஏப்ரலில், ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று ஜேர்மனியின் ஸ்டேர்ன் சஞ்சிகை கொண்டுவந்த அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளைச் சுவிஸ் வங்கி ஒன்றில் பார்த்துவிட்டு, உண்மையானவை என்று பத்திரிகையில் எழுதினார். சில நாட்களில் அவருக்கே சந்தேகம் வந்தது. மே 6 ஆம் திகதி ஜேர்மன் அரச ஆவணக்காப்பகம் அவை போலி என்று அறிவித்தது. தாளில், போருக்குப் பின்னரே பயன்பாட்டுக்கு வந்த வெண்மையூட்டி இருந்தது. போலி எழுதியவர் கொன்ராட் குயாவ் என்பவர். கையெழுத்து நிபுணர்கள் ஏன் ஏமாந்தார்கள் தெரியுமா? ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்த ஹிட்லர் கையெழுத்து மாதிரிகளிலேயே குயாவ் எழுதியவையும் கலந்திருந்தன. போலியைப் போலியோடு ஒப்பிட்டு, அச்சொட்டாகப் பொருந்துகிறது என்றார்கள். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள் என்று மகிழ்வதற்கு முன், இருவரும் ஒரே வாயிலிருந்து கேட்டவர்களா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தி ஏழு பேரிடமிருந்து வந்தால் அது ஏழு சாட்சி ஆகாது என்பது உங்களுக்கும் தெரியும், காலையில் ஏழு தடவை வாசித்திருப்பீர்கள்.

இனிப் பியானோ. முதல் கட்டுரை, மண்டபக் கூரை திருத்தப் பணமில்லாமல் அன்றைய அதிபர் பியானோவை விற்றார் என்கிறது. மற்றது, இடப்பெயர்வு வரை பியானோ இருந்தது, திரும்பி வந்தபோது இல்லை என்கிறது. எழுதிய இருவரையும் எனக்குத் தெரியும். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்ல. இருவருடைய வகுப்புத் தோழிகளும் 'ஓம், ஓம், அப்படித்தான்' என்று ஒத்துச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடலில் அந்தக் கதையை அவரவர் வாயிலிருந்தே கேட்டு வருகிறவர்கள். குயாவின் மாதிரிக் கையெழுத்தைப்போல.

அலுவலக அலுமாரியில் கறையானுக்குத் தப்பிய ஒரு பழைய காசேடு இருந்தது. வரவு, செலவு, மீதி. அதில் கூரை திருத்திய செலவு இருக்கிறது. அதே ஆண்டில் 'ஆர்மோனியம் விற்ற வரவு' என்று ஒரு சிறு தொகை இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, 'பியானோ சுருதி சேர்த்த கூலி' என்று ஒரு செலவு. எழுதிய லிகிதர் பியானோவின் சரித்திரத்தை எங்களுக்குச் சொல்ல நினைக்கவில்லை. கணக்குச் சரிவந்தால் போதும் என்றிருந்தார். அதனால்தான் அவரை நம்பலாம். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் புளொக், தம்மை அறியாமல் சாட்சி சொல்லும் இத்தகைய ஏடுகளையே கூடுதலாக மதித்தார். அவர் அந்தக் கருத்தை எழுதிய நூலை முடிக்கவில்லை. நாசிகளுக்கு எதிரான இயக்கத்தில் இருந்ததால் 1944 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். நூல் 1949 இல் வந்தது.

ஆக, கூரைக்காக ஏதோ ஓர் இசைக்கருவி விற்கப்பட்டது உண்மை, அது பியானோ அல்ல. முதல் அக்காவின் நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆனால் இரண்டாவது கட்டுரை முழுவதும் உண்மை என்று காசேடு சொல்லவில்லை. கூரை திருத்தியபோது பியானோ விற்கப்படவில்லை என்று மட்டும் சொல்கிறது. அதற்குப் பிந்திய காசேடுகள் இல்லை. மலர்க்குழு இரு கட்டுரைகளையும் போட்டு, கீழே காசேட்டு வரிகளையும் போடத் தீர்மானித்திருக்கிறது. நல்ல தீர்மானம்.

அந்த அலுமாரியில் நான் கூட நேரம் செலவழித்தது காசேட்டோடு அல்ல, சேர்விடாப்புகளோடு. பெயர், பிறந்த திகதி, தகப்பனார் பெயர், தொழில், விலாசம், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம். (பிறந்த திகதியைப் பற்றி இந்த மண்டபத்தில் அதிகம் பேசாமல் விடுகிறேன். பாடசாலையில் சேர்க்கும் வயதுக்கும் சோதனை எடுக்கும் வயதுக்கும் ஏற்றபடி தை மாதத்தில் பிறந்த பிள்ளைகள் சில ஆண்டுகளில் அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்கள்.) என்னை நிறுத்தியது கடைசி நிரல். பழைய இடாப்புகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நேரே 'வீட்டு அலுவல்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. 1995 ஐ ஒட்டி 'இடம்பெயர்வு' என்று பக்கம் பக்கமாக, ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே திகதியோடு.

காலிக் கல்லின் கேள்வியை இங்கே கேளுங்கள். இது எதனுடைய திகதி? இத்தனை பிள்ளைகள் ஒரே நாளில் விலகினார்களா? அல்ல, ஒருநாள் அலுவலகத்தில் யாரோ இருந்து இடாப்பை ஒழுங்குபடுத்தினார்கள், அந்த நாள் அது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த நாளில், யாருடைய சைக்கிளில், எங்கே போனாள் என்பது அதில் இல்லை. 'வீட்டு அலுவல்' என்பது யாருடைய சொல்? பிள்ளை சொன்னதா, தகப்பன் சொன்னதா, லிகிதருக்கு எழுத வசதியானதா? கல்யாணமா, வறுமையா, தாயின் நோயா, தம்பிமாரைப் பார்க்க ஆளில்லையா?

அந்தப் பிள்ளைகள் எங்கள் சங்கத்தில் இல்லை. அங்கத்துவப் படிவம் போட அவர்களுக்குத் தோன்றியிருக்காது. மலரில் அவர்கள் கட்டுரை இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் எங்கள் கிளைகள் வெளியிடும் மலர்களிலும் இல்லை. இன்னும் ஐம்பது ஆண்டில் ஒருவர் இந்த மலர்களை மட்டும் வைத்து எழுதினால், எங்கள் கல்லூரியில் படித்த எல்லோரும் வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியையும் ஆனார்கள் என்றே எழுதுவார். அவர் எழுதியதில் ஒரு வரியும் பொய்யாக இராது. ஆனால் ஒரு மொழி மட்டும் தெரிந்து கல்லைப் படித்தவரின் வரலாறாக அது இருக்கும். விடுதியில் முப்பது ஆண்டு சமைத்தவரின் முழுப்பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சம்பளப் பதிவில் ஒரு முதலெழுத்தும் ஒரு பெயரும் இருக்கின்றன. நாங்கள் 'ஆச்சி' என்றுதான் கூப்பிட்டோம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் போயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறிடத்தில் பிரதி இருந்தது திரும்பி வந்தது, ஒரே பிரதி போனது போனதுதான். 2005 இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் எங்கள் ஊர்ப் பாடசாலை மலர்களைக்கூட மின்பிரதியாக்கி வருகிறது. இந்த நூற்றாண்டு மலரும் அங்கே போக வேண்டும் என்று மலர்க்குழுவைக் கேட்டிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது சில சின்ன வேலைகள். வகுப்புப் படங்கள் வைத்திருப்பவர்கள் பெட்டியில் இருந்து எடுத்து, பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால், பேனை வேண்டாம், மை மறுபக்கம் ஊறும், இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். தெரியாத முகத்துக்கு நேரே கேள்விக்குறி போடுங்கள். ஊகித்துப் பெயர் போடாதீர்கள். எழுதுகிற உங்கள் பெயரையும் எழுதுகிற திகதியையும் போடுங்கள். பழைய கடிதங்களைச் சுருக்கி எழுதி அனுப்பாமல் கடிதத்தையே படமெடுத்து அனுப்புங்கள், உறையையும் சேர்த்து. தபால் முத்திரையில் திகதி இருக்கும். ஒரு சம்பவத்தை எழுதும்போது, நேரில் கண்டது எது, கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். மற்றவர் எழுதியதை வாசிக்குமுன் எழுதினால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. 'வீட்டு அலுவல்', 'இடம்பெயர்வு' என்று இடாப்பில் நின்றுபோன பெயர்களை வகுப்பு வகுப்பாகப் பிரதி எடுத்திருக்கிறோம். மண்டபத்துக்கு வெளியே நூலகத்துக்குப் போகும் விறாந்தையில், நீண்ட மேசையில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் பென்சிலும் உண்டு. தேநீருக்குப் போகும்போது உங்கள் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். பக்கத்து வாங்கில் இருந்தவளின் பெயர் அங்கே இருந்தால், அவள் பிறகு எங்கே போனாள் என்று உங்களுக்குத் தெரிந்ததை அந்த வெற்று நிரலில் எழுதிவிட்டுப் போங்கள்.